அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேசும்போது நடுவில் ஒரு விஷயத்தைச் சொன்னாய், உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். பிறந்தநாளுக்கு லீவு கேட்டதற்கு உன் மேலதிகாரி எல்லார் முன்னாலும் "நீ என்ன சின்னக் குழந்தையா?" என்று கேட்டாராம். "அவர் சொன்னதும் சரிதான்ப்பா, 31 வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று நீயும் சிரித்தாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. நான்கு நாளாக அதே நினைப்பு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதில் வராததற்குக் காரணம் உண்டு. அதே வார்த்தையை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மின்நிலையத்தில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்த வருடங்களில் ட்யூட்டி சார்ட் போட்டது நான்தான். மாதக் கடைசியில் மேசை மேல் பெரிய தாளை விரித்துக்கொண்டு, பென்சிலும் ரப்பருமாக நான் உட்கார்ந்திருப்பது உனக்கு நினைவிருக்கும். கட்டுப்பாட்டு அறையை ஒரு நிமிடம்கூடக் காலியாக விட முடியாது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். 26 பேரை வைத்துக்கொண்டு காலை, மதியம், இரவு என்று கட்டம் நிரப்புகிறவனுக்கு, யாராவது ஒரு தேதியைச் சொல்லிக் கேட்டாலே எரிச்சல் வரும். ஒரு கட்டத்தை மாற்றினால் நான்கு கட்டம் கலையும்.

அந்த 26 பேரில் ஓர் ஆபரேட்டர், அதிகம் பேசாதவர், ஒரு நாள் வந்து மூன்று வாரம் கழித்து வரும் ஒரு தேதியைச் சொல்லி ஆஃப் கேட்டார். என்ன விசேஷம் என்றேன். "பிறந்தநாள் சார்" என்றார். 40 முடிகிறது அவருக்கு. "என்னப்பா, குழந்தையா நீ?" என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த நாளில் அவருக்கு மதிய ஷிஃப்ட் போட்டேன். வந்தார், வேலையைப் பார்த்தார், போனார்.

அவருக்கு ஒரு இரட்டைத் தங்கை இருக்கிற விஷயம் பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி வெகு தூரத்தில் இருந்தவர். 40-வது பிறந்தநாளை இரண்டு பேரும் சேர்ந்து இருந்து கழிப்பது என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். அந்தத் தங்கை மதியம் ரயிலில் வந்து இறங்கி, அண்ணன் வீட்டில் காத்திருந்து, இரவு ரயிலைப் பிடிக்கக் கிளம்பிப் போயிருக்கிறார். இவர் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்தபோது அவர் இல்லை.

ஏன் அன்றைக்கே இதைச் சொல்லவில்லை என்று முதலில் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். ஒரு மனிதன் தன் பிறந்தநாளைக் கேட்டதற்கே சிரித்தவனிடம், தங்கை வருகிறாள் என்று எப்படிச் சொல்வார்? சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன். அடுத்த வருடம் சார்ட் போடும்போது, அவர் கேட்காமலே அந்தத் தேதியில் அவர் பெயருக்கு நேரே ஆஃப் என்று எழுதினேன். சார்ட்டைப் பார்த்துவிட்டு வந்து, "இந்த வருஷம் தங்கச்சியால வர முடியாது சார், வேற யாருக்காவது குடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால் சொல்கிறேன். அந்தச் சிரிப்பை நீ உண்மை என்று எடுத்துக்கொள்ளாதே. பிறந்தநாள் குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்ற நினைப்பே தவறு. பாரசீகர்கள் எல்லா நாட்களையும்விடத் தாம் பிறந்த நாளைத்தான் அதிகமாகப் போற்றினார்கள் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவர் எழுதியது பெரியவர்களைப் பற்றி.

ஓய்வு பெற்ற பிறகு படித்தவற்றில் என் மனதை விட்டுப் போகாதது இன்னொன்று. இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்ற இடத்தில் ரோமானியரின் கோட்டை ஒன்று இருந்தது. அங்கே மண்ணுக்கடியில் மெல்லிய மரப்பலகைகள் கிடைத்தன. மையால் எழுதிய கடிதங்கள், கி.பி. 100 வாக்கில் எழுதியவை. அதில் ஒன்று கிளாடியா செவெரா என்ற பெண், கோட்டைத் தளபதியின் மனைவி லெபிடினாவுக்கு எழுதியது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால் அந்த நாள் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருக்கும், வந்துவிடு என்று கூப்பிடுகிறார். கடிதத்தை வேறொருவர் எழுத, கடைசி வரிகளை மட்டும் செவெரா தன் கையாலேயே எழுதியிருக்கிறார். ஒரு பெண் தன் கைப்பட லத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. அவர் பரிசு எதுவும் கேட்கவில்லை. தோழி வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார். என் ஆபரேட்டரின் தங்கை ரயில் ஏறி வந்ததும் இதற்குத்தானே.

அதே கோட்டையில் வேறு பலகைகளும் கிடைத்தன. லெபிடினாவின் கணவர் கெரியாலிஸுக்கு அவருடைய வீரர்கள் எழுதிய விடுப்பு விண்ணப்பங்கள். விடுப்பு அளிக்கத் தகுந்தவனாக என்னைக் கருத வேண்டும் என்பதுதான் அவர்களுடைய வாசகம். ட்யூட்டி சார்ட் போட்ட எனக்கு இதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. மனைவிக்குப் பிறந்தநாள் அழைப்பு வருகிறது. அதே வீட்டில் கணவரிடம் வீரர்கள், நான் தகுந்தவனா என்று கேட்டு நிற்கிறார்கள். என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவரும் அப்படித்தான் நின்றிருக்கிறார். நீயும் போன வாரம் அப்படித்தான் நின்றாய்.

அந்த நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது, மாற்றியிருக்கிறார்கள். ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குக் குறைந்தது ஆறு வேலை நாள் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று 1936-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 1948-ல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு, ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் ஒவ்வொரு மனிதருடைய உரிமை என்று சொல்கிறது. 1970-ல் அதே தொழிலாளர் அமைப்பு இன்னோர் உடன்படிக்கையில் அந்த ஆறு நாளை மூன்று வாரமாக உயர்த்தியது. ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அந்த உடன்படிக்கை கட்டுப்படுத்தும். ஆனாலும் விடுப்பு என்பது தகுதி பார்த்துத் தருகிற தயவு இல்லை என்பது அதில் எழுத்தாகவே இருக்கிறது.

ஆனால் 1970 உடன்படிக்கையிலேயே ஒன்றைக் கவனி. விடுப்பை எப்போது எடுப்பது என்பதைத் தொழிலாளியைக் கலந்துகொண்டு முதலாளிதான் முடிவு செய்வார், வேறு சட்டமோ ஒப்பந்தமோ ஏற்கெனவே அதை முடிவு செய்திருந்தால் தவிர. அதாவது, இத்தனை நாள் உனக்கு என்று எண்ணிக்கை உறுதி. எந்த நாள் என்பது உறுதி இல்லை. மற்ற நாட்களுக்கு இது நியாயம்தான். நான் அந்த நாற்காலியில் இருந்தவன், எல்லாரும் நினைத்த நாளில் நினைத்தபடி போனால் வேலை நடக்காது. ஆனால் பிறந்தநாள் அப்படித் திடீரென்று வருவதில்லை. வேலையில் சேரும் முதல் நாளே படிவத்தில் பிறந்த தேதியை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். நாம் எந்தத் தேதியில் ஓய்வு பெற வேண்டும் என்று பல வருடம் முன்னாலேயே அதை வைத்துக் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். அதே தேதியை வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்காகவும் பாருங்கள் என்று கேட்பதில் என்ன தவறு?

கணக்கும் பார்த்துவிட்டேன். உனக்குச் சனி, ஞாயிறு ஓய்வு. பிறந்தநாள் வருடத்துக்கு ஒரு கிழமை நகரும், லீப் வருடம் நடுவில் வந்தால் இரண்டு. வரும் 28 வருடத்தில் ஒவ்வொரு கிழமையிலும் சரியாக நான்கு முறை வரும். ஆக எட்டு பிறந்தநாள் ஓய்வு நாளிலேயே போய்விடும், 20 தான் வேலை நாளில். வருடத்துக்குச் சராசரியாக முக்கால் நாள்கூட இல்லை.

அந்தத் தங்கை விஷயம் தெரிந்த பிறகு 26 பேர் பிறந்த தேதியையும் என் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். இரண்டு பேர் ஒரே தேதியில் பிறந்திருந்தார்கள். நான் அதிசயப்பட்டபோது, 23 பேர் இருந்தாலே அப்படி ஒரு ஜோடி இருப்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று கல்லூரியிலிருந்து வந்த நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். பிப்ரவரி 29-ல் பிறந்தவர் ஒருவர் இருந்தார். அவரிடமே கேட்டேன், மார்ச் 1 போதும் என்றார். மற்றபடி வார ஓய்விலேயே விழுந்தவற்றைக் கழித்தால் வருடத்துக்கு 22 ட்யூட்டியை மாற்ற வேண்டியிருந்தது. மொத்தம் கிட்டத்தட்ட 7,800 ட்யூட்டி. ஆயிரத்துக்கு மூன்றுகூட வரவில்லை. இதற்காகவா அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தேன்?

வேலை நிற்கக் கூடாது என்பதும், இன்ன ஆள்தான் அன்றைக்கு அந்த வேலையில் இருக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல. நீ பிறந்த இரவு நான் ட்யூட்டியில் இருந்தேன். எனக்கு அடுத்த ஷிஃப்ட்காரர் செய்தி கேட்டு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து, "நான் பார்த்துக்கிறேன், நீங்க கிளம்புங்க" என்றார். யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை. பிறப்புக்கும் இறப்புக்கும் எல்லா இடத்திலும் இப்படி மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்து உட்கார முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மாற்றவே முடியாத நாளும் வரும், அதையும் மறைக்கவில்லை. இரண்டே பேர் வேலை பார்க்கிற இடம், இன்னொருவருக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது? அப்போது வேறொரு நாளைக் கட்டாயம் தர வேண்டும். பிரிட்டனில் மன்னர் ஏழாம் எட்வர்ட் நவம்பரில் பிறந்தவர், ஆனால் அணிவகுப்புக்கு நல்ல வெயில் வேண்டும் என்று கோடையில் பிறந்தநாள் கொண்டாடினார். இப்போதைய மன்னர் சார்ல்ஸ் பிறந்தது நவம்பர் 14, அரசு விழா ஜூனில். நியூஸிலாந்தில் ஜூன் முதல் திங்கள்கிழமை மன்னருடைய பிறந்தநாள் என்று ஊருக்கே விடுமுறை. மன்னருக்காக நாளை நகர்த்த முடிகிறது என்றால் ஆபரேட்டருக்காகவும் முடியும்.

இன்னொன்று, இதைக் கட்டாயமாக்கவும் கூடாது. எங்கள் குழுவில் மனைவியை இழந்த ஒருவர் இருந்தார். அவருக்கு ஆஃப் எழுதியபோது தனியாக வந்து, "அன்னைக்கு மட்டும் என்னை வீட்ல உட்கார வைக்காதீங்க. அவ போன நாள்ல குடுங்க" என்றார். அப்படியே மாற்றினேன். பிறந்தநாளில் வேலை செய்வதில் சந்தோஷம் காண்கிறவர்களும் உண்டு, அவர்களைத் துரத்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நான் கேட்பது இவ்வளவுதான்: வேண்டும் என்கிறவர், காரணம் சொல்லாமல், கூனிக் குறுகாமல், சம்பளம் குறையாமல் அந்த நாளை எடுக்க முடிய வேண்டும். சம்பளம் குறையாமல் என்பதை அழுத்தியே எழுதுகிறேன். தினக்கூலிக்குப் போகிறவரிடம் வேண்டுமானால் வராதே என்று சொல்வது லீவு கொடுத்ததாகாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி கேள். வாயால் கேட்காதே, எழுதிக் கொடு. தேதியை மட்டும் எழுது, பிறந்தநாள் என்று எழுதாதே. அது உன் கணக்கில் இருக்கிற லீவு, என்ன காரணம் என்று நீ விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு உன் வேலையை யார் பார்ப்பார் என்பதை மட்டும் பேசி முடித்துவிட்டு எழுது, சார்ட் போடுகிறவருக்கு அது பெரிய உதவி. உனக்காக வேலை பார்க்கிறவரின் பிறந்தநாளில் நீ அவருக்காக நில். மேலதிகாரி மறுத்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள், வேறு நாளைக் கேட்டு வாங்கு. அங்கே உனக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்ப்பதாகச் சொன்னாயே, அவர்கள் பிறந்த தேதி உனக்குத் தெரியுமா? இல்லையென்றால் நாளைக்கே கேட்டு எழுதி வை.

லீவு கிடைத்தால் இங்கே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூங்கு, தோழிகளோடு எங்காவது போ, சும்மா இரு. உன் நாள். லீவு கிடைக்காவிட்டால் வேலை முடிந்து எத்தனை மணியானாலும் கூப்பிடு. இரவு ஷிஃப்டுக்குக் கண் விழித்துப் பழகியவன், முழித்துத்தான் இருப்பேன். கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி அம்மா சொன்னாள், அவளும் எழுத வேண்டுமாம். விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா