நான்காம் படியில் நின்றுபோகும் கடலோரத் திட்டங்கள்

ஆசிரியருக்கு,

கடலோரப் பாதுகாப்பு என்றாலே நாடுகளுக்கு இடையிலான பிரகடனங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படுகிறது. ஆனால் சாக்கடையைக் கடலில் எங்கே விடுவது, குப்பைக் கிடங்கு எந்த ஆற்றங்கரையில், கரையோரக் கட்டடத்துக்கு அனுமதி உண்டா என்பவற்றை நாள்தோறும் முடிவு செய்வது பெரும்பாலும் உள்ளாட்சிகள். கிழக்காசியக் கடல்களைச் சுற்றியுள்ள நகரங்களும் மாகாணங்களும் இதற்காகவே பெம்சீ (PEMSEA) உள்ளாட்சிகள் கூட்டமைப்பு என்று ஒன்றை வைத்திருக்கின்றன. 2006 டிசம்பரில் சீனாவின் ஹைகோ நகரில் அது முறைப்படி தொடங்கப்பட்டது. செயலகம் சீனத் துறைமுக நகரமான ஷியாமெனில் இருக்கிறது. ஷியாமெனின் அனுபவத்திலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, கடற்பரப்பைப் பகுதி பிரித்துக் காட்டும் வரைபடத்தை மட்டும் எடுத்துப் போகிறார்கள் என்பதே எங்கள் குறை.

கூட்டமைப்பில் பின்பற்றப்படும் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைச் சுழற்சிக்கு, அதாவது எல்லாத் துறைகளும் சேர்ந்து கடலோரத்தைப் பராமரிக்கும் முறைக்கு, ஆறு படிகள்: ஆயத்தம், தொடக்கம், திட்டம் வகுத்தல், ஏற்பு, நடைமுறை, செப்பனிடல். முதல் மூன்றும் எளிது. ஆய்வாளர்கள் வருவார்கள், படம் வரைவார்கள், கருத்தரங்கு நடக்கும். நான்காவதில்தான் உள்ளாட்சி மன்றம் தீர்மானம் போட வேண்டும், ஆண்டு வரவு செலவில் தொகை ஒதுக்க வேண்டும். பல திட்டங்கள் உயிரை விடுவது அந்தப் படியில்.

ஷியாமெனில் அது ஏன் தாண்டப்பட்டது? ஒருங்கிணைப்புக் குழு நகரத் தலைமையின் கீழ் வைக்கப்பட்டது. துறைமுகம், மீன்வளம், திட்டமிடல், சுற்றுச்சூழல் எல்லாம் ஒரே மேசையில். தகராறு வந்தால் அங்கேயே தீர்ப்பு. 1997-இல் கடற்பரப்பை வகைப்படுத்தியபோது ஒவ்வொரு பகுதிக்கும் முதன்மைப் பயன் எது, அதனோடு ஒத்துப்போகும் பயன்கள் எவை, கூடாதவை எவை என்று அட்டவணை போட்டார்கள். கடலைப் பயன்படுத்த அனுமதி கேட்பவரின் மனு அந்த அட்டவணையோடு ஒப்பிடப்படும். அனுமதி கிடைத்தால் கட்டணம் உண்டு. 2002 முதல் நடைமுறைக்கு வந்த கடற்பரப்புப் பயன்பாட்டுச் சட்டம் இதே மூன்றையும், அதாவது வகைப்பாடு, அனுமதி, கட்டணம் ஆகியவற்றை, சீனா முழுமைக்கும் விதியாக்கியது. அனுமதியோடு கோக்கப்படாத வரைபடம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

இதே குழுவைச் சுற்றுச்சூழல் துறையின் கீழ் வைத்துப் பாருங்கள். துறைமுகமும் மீன்வளமும் இளநிலை அலுவலரை அனுப்பும். அவர் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். கூட்டக் குறிப்பில் மிஞ்சுவது அந்த ஒரு வரிதான். இன்னொரு கோளாறு பணம். திட்ட நிதி சில ஆண்டுகளில் தீரும்போது ஒப்பந்த ஊழியர்களும் அவர்கள் சேர்த்த தரவும் சேர்ந்தே போய்விடும். இரண்டாம் ஆண்டிலேயே குறைந்தது ஓர் அலுவலரின் சம்பளமும் நீர்ப்பரிசோதனைச் செலவும் உள்ளாட்சியின் சொந்தக் கணக்குக்கு மாற வேண்டும்.

பணிகளின் வரிசையும் முக்கியம். ஷியாமெனின் யுன்டாங் ஏரி ஒரு காலத்தில் கடலோடு திறந்திருந்த துறை. 1970களின் தொடக்கத்தில் கரை எழுப்பி அடைத்தபின் அது சாக்கடைக் குட்டையானது. 1988-இல் தொடங்கிய சீரமைப்பில் கழிவுநீரை இடைமறித்துச் சுத்திகரிப்பது, சேற்றை வாரிக் கரை கட்டுவது, மதகு வழியே கடல் ஏற்றத்தில் நீரை உள்ளே விட்டு வற்றத்தில் வெளியேற்றுவது ஆகிய மூன்றும் அடக்கம். சாக்கடையை மறிக்காமல் தூர் வாரினால் சில பருவங்களில் அதே சேறு திரும்பும். தூர் வாரலுக்குத்தான் திறப்பு விழா நடத்த முடியும் என்பதால் பல ஊர்களில் அதையே முதலில் செய்கிறார்கள்!

கூட்டமைப்பு என்று ஒன்று இருப்பதன் உண்மையான பயன் அளவீட்டில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் தனித்தனி முறையில் நீரை அளந்தால் எண்களை ஒப்பிடவே முடியாது. வற்றத்தில் கழிமுகத்தில் எடுத்த மாதிரியில் ஆற்று அழுக்கு தூக்கலாக இருக்கும்; ஏற்றத்தில் எடுத்தால் அதே இடம் சுத்தமாகத் தெரியும். ஆகவே ஓதத்தின், அதாவது கடல் ஏற்றவற்றத்தின், ஒரே கட்டம், ஒரே ஆழம், மழை பெய்து எத்தனை நாள் என்ற குறிப்பு ஆகியவை கட்டாயம். மலக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவுக்கான மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனைக் கருவியால் படகிலேயே அளக்க வேண்டும், இல்லையேல் அங்கேயே வேதிப்பொருள் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். எந்த வரம்போடு ஒப்பிடுகிறோம் என்பதையும் எழுதுவது நல்லது. பிலிப்பைன்ஸின் 2016 விதிப்படி குளிக்கத்தக்க கடல்நீரில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 100 வரைதான். அதைவிடத் தளர்ந்த வரம்பு உள்ள ஊரில் அதே நீர் "தேர்ச்சி" பெற்றுவிடும்.

எல்லையைச் சிறிதாகத் தொடங்கி விரிப்பதே சரி. தாய்லாந்தின் சோன்புரி 2001-இல் சிராச்சா பகுதியின் ஒரு சில உள்ளாட்சிகளோடு தொடங்கியது. பிறகுதான் கடலைத் தொடாத உள்நாட்டு ஊர்களையும் சேர்த்து மாகாணம் முழுவதற்கும் போனது. ஆற்றின் மேல்பகுதி ஊர்களுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் கடலில் சேரும் குப்பையில் அவற்றின் பங்கு உண்டு.

கடைசியாக, மணல். அலை சாய்வாக வந்து மோதும் கரையில் மணல் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓர் ஊர் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால் மணல் வரும் பக்கம் கரை வளரும், மறுபக்கத்து ஊரின் கரை அரிக்கப்படும். அவ்வூர் தானும் ஒன்று போடும். அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். அண்டை உள்ளாட்சிகளின் ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு விதி வேண்டும்: தடுப்பு கட்டும் ஊர், முன்னும் பின்னும் கரையின் குறுக்குவெட்டை ஒரே பருவத்தில் அளந்து அண்டை ஊருக்குக் கொடுக்க வேண்டும், தேங்கும் மணலை மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆண்டுச் செலவையும் கட்டுமான மதிப்பீட்டிலேயே காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கடலோரத் திட்டமிடல் பணியில் உள்ள வாசகர்கள்