6ஐ 5 ஆக்கின ஸ்டோர்காரன் எழுதுறன்: திருகோணமலை கொன்ட்ராக்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில கட்டட வேலை எடுத்து நடத்துற கொன்ட்ராக்டர் அண்ணன்மாருக்கும், கம்பெனி முதலாளிமாருக்கும், சைட்டுக்குப் பொறுப்பா நிக்கிற எஞ்சினியர் சேர்மாருக்கும்,

வணக்கம். உங்கள்ல கனபேருக்கு என்னைத் தெரியும். பேரைச் சொல்லாட்டியும் "ஸ்டோர்ல நிண்ட ஆள்" எண்டா விளங்கும். 11 வருசம் சைட் ஸ்டோர்ல நிண்டன். சீமெந்து மூடை எண்ணினது, கம்பி லொறி வந்தா இறக்கிக் கணக்குப் பார்த்தது, காலம வந்த ஆக்களைக் கொப்பியில குறிச்சது, எல்லாம் நான்தான். இப்ப வீட்டோட ஒரு சின்னக் கடை போட்டிருக்கன், இனி என்னை ஆரும் வேலையால நிப்பாட்ட ஏலாது, அந்தத் தைரியத்திலதான் இதை எழுதுறன் எண்டு வச்சுக்கொள்ளுங்க. முதலே எழுதியிருக்க வேணும், எழுதேல்ல, அது என்ட பிழை.

ஹெல்மட்டில இருந்து தொடங்குறன். ஒரு சைட்டில 40 ஹெல்மட் இருந்தது, வெள்ளை 10, மஞ்சள் 30, ஸ்டோர்த் திறப்பு என்ட இடுப்பில. வெள்ளை சேர்மாருக்கும் பார்க்க வாற பெரிய ஆக்களுக்கும். மஞ்சள் லேபருக்கு எண்டு சொல்லித்தான் வாங்கினது, ஆனா லேபரின்ட தலையில அது ஏறினது மாசத்தில ஒரு நாளோ ரெண்டு நாளோ, வேலையைச் சரிபார்க்கிற கொன்சல்டன்ட் வாற அண்டைக்கு மட்டும். விடிய போன் வரும், "தம்பி இண்டைக்கு வாறாங்களாம், எல்லாத்தையும் வெளிய எடு" எண்டு. குடுப்பன். அவங்கட வாகனம் கேட்டைத் தாண்டின கையோட திரும்ப எண்ணி வாங்கி உள்ள வச்சுப் பூட்டுறது. ஏன் எண்டு ஒருக்காக் கேட்டன், "குடுத்தா வீட்ட கொண்டு போயிருவாங்கடா" எண்டாங்க. சீமெந்தும் கம்பியும் அவங்கட கண்ணுக்கு முன்னால விடிய விடிய கிடக்குது, அதில எல்லாம் நம்பிக்கை இருக்கு, ஒரு பிளாஸ்டிக் தொப்பியிலதான் நம்பிக்கை இல்ல. ஹெல்மட்டின்ட உள்பக்கத்தைப் பிரட்டிப் பார்த்தா வட்டமா ஒரு அச்சு இருக்கும், நடுவில அம்புக்குறி, எந்த வருசம் எந்த மாசம் செஞ்சது எண்டு காட்டுறதுக்கு. மத்தியானத்தில வேலை இல்லாம இருக்கேக்க நான் அதைத்தான் வாசிச்சுக்கொண்டிருந்தன். வெய்யிலே படாம ராக்கையிலேயே கிழடாகிப் போன ஹெல்மட்டுகள்.

இனி அந்த நாள். எந்தக் கம்பெனி, எந்த சைட் எண்டு சொல்லப் போறதில்ல, சண்டை பிடிக்க எழுதேல்ல. கடற்கரைப் பக்கம் ஒரு மூண்டு மாடி. கச்சான் காத்து அடிக்கிற காலம், தெரியும்தானே எங்கட ஊர்க் கச்சான், வைகாசி ஆனியில தொடங்கினா வாய் காய்ஞ்சு கண் எரிஞ்சு ஆளையே தள்ளிக்கொண்டு போகும். வெளிச்சுவர் பூசுறாங்க. சாரத்தில போட்ட பலகை ரெண்டு அந்தமும் கட்டேல்ல, சும்மா பைப்புக்கு மேல வச்சபடி. மூதூர்ப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன், வேலைக்கு வந்து மூண்டாம் நாள், கலவைத் தாச்சியை மேல வாங்கிக் குடுக்கிறதுக்கு எட்டினான், பலகை பிரண்டது. 15, 16 அடி இருக்கும். கீழ மணல் கும்பி, அதில விழுந்தபடியால உயிர் இருக்கு. இடுப்பு போயிட்டு.

விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடிப் போகேக்க அவன்ட ஒரு கால்ல செருப்பு இருந்தது, மற்றச் செருப்பு மேல சாரத்திலேயே கிடந்தது. சப்பாத்து இல்ல, ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பு பின்னேரம் வரைக்கும் மேலயே கிடந்தது, ஆரும் ஏறி எடுக்கேல்ல.

1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசும் இல்ல. எனக்கும் தெரியும், அங்க நிண்ட எல்லாருக்கும் தெரியும். ஆனா அம்புலன்ஸ் வந்தா கேள்வியும் வரும் எண்டு, கம்பெனியிட்ட இருந்து பூச்சு வேலையைப் பிரிச்சு எடுத்த சப் கொன்ட்ராக்டர் ஓட்டோவைக் கூப்பிட்டார். இடுப்பு உடைஞ்சவனை, முள்ளந்தண்டில என்ன நடந்திருக்கு எண்டே தெரியாதவனை, நாலு பேராத் தூக்கி மடிச்சு ஓட்டோப் பின் சீற்றில வச்சம். வச்சம் எண்டு சொல்லுறன், நானும் ஒரு கை பிடிச்சன். போற வழியில அவனுக்குச் சொல்லிக் குடுத்தது, "ஆஸ்பத்திரியில கேட்டா வீட்டில மாங்காய் ஆயப் போய் மரத்தால விழுந்த எண்டு சொல்லு, செலவெல்லாம் நாங்க பார்க்கிறம்." அவனும் அப்படியே சொன்னான். 19 வயசு.

அண்டு பின்னேரம் எனக்கு ஒரு வேலை வந்தது. என்ட கொப்பியில சப்பின்ட ஆக்களுக்குப் பேர் எழுதுறதில்ல, எண்ணிக்கை மட்டும்தான். அண்டைக்கு "பூச்சு, மேசன் 3, லேபர் 6" எண்டு இருந்தது. அந்த 6ஐ 5 ஆக்கச் சொன்னாங்க. நீலப் பேனையால 6ன்ட வளைவை வெட்டி மேல ஒரு கோடு இழுத்தா 5 மாதிரி வரும், வந்தது. அவ்வளவுதான். ஒரு மனுசன் அந்த சைட்டுக்கு வரவே இல்ல எண்டு ஆக்கிறதுக்கு அரை நிமிசம் கூடப் போகேல்ல.

இதுக்குத்தான் இந்த மடல். ஹெல்மட், பெல்ட், சப்பாத்து எல்லாம் பிறகு. முதல்ல ஆளின்ட பேரை எழுதுங்க. சைட்டுக்குள்ள கால் வைக்கிற ஒவ்வொருத்தன்ட பேரும், ஐடென்டி நம்பரும், ஆர் கூட்டிட்டு வந்த எண்டதும், வீட்டு ஆக்கள்ல ஒருத்தரின்ட போன் நம்பரும், அவன் சாரத்தில ஏற முதல் கொப்பியில இருக்க வேணும். பேர் இருந்தா 6 அஞ்சாகாது.

"அவன் எங்கட ஆள் இல்ல, சப்பின்ட ஆள்" எண்டு சொல்லுவீங்க, அண்டைக்கும் அதைத்தான் சொன்னாங்க. கம்பெனி சப்புக்குக் குடுக்கும், சப் ஒரு மேசன் பாஸுக்குக் குடுப்பார், பாஸ் ஊரில நாலு பெடியளைச் சேர்த்துக்கொண்டு வருவார். விழுந்த பிறகு கேட்டா கம்பெனி சப்பைக் காட்டும், சப் பாஸைக் காட்டுவார், பாஸ் பாவம் அவர் போனையே ஓஃப் பண்ணிருவார், அவரிட்ட என்ன இருக்கு ஒரு கரண்டியும் மட்டப்பலகையும்தானே. ஆனா சட்டம் இந்தக் கதைய ஏற்கேல்ல. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ம் ஆண்டு வந்தது, எங்கட அப்பப்பா காலம். உங்கட தொழிலின்ட ஒரு பங்கை இன்னொருத்தரிட்டக் குடுத்துச் செய்விச்சா, அவரின்ட ஆளுக்கு அடிபட்டாலும் நட்டஈட்டுக்கு நீங்களும் பொறுப்பு எண்டுதான் அதில இருக்கு. 2022ல திருத்தினாங்க, நட்டஈடு ஆகக் கூடினது அஞ்சரை லட்சம் ரூபா எண்டு இருந்ததை 20 லட்சம் ஆக்கி, வீட்டில இருந்து வேலைக்கு வாற வழியிலயும் திரும்பிப் போற வழியிலயும் நடக்கிற விபத்தையும் அதுக்குள்ள சேர்த்தாங்க. மூதூர், கிண்ணியாப் பக்கத்தில இருந்து விடிய இருட்டோட மோட்டச்சைக்கிள்ல மூண்டு பேரா ஏறி கிண்ணியாப் பாலத்தால வாறாங்களே, அவங்களை நினைச்சுக்கொண்டு இதை வாசிங்க. அந்தப் பாலம் 2009ல திறந்த பிறகு இந்த ஆக்கள் தினம் வந்து போறது லேசாச்சு, நல்ல விசயம், ஆனா வாற ஆளுக்குப் பேரே இல்லாட்டி அவன் எந்த வேலைக்கு வந்தான் எண்டு ஆர் சொல்லுறது?

அதே மாதிரி தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1942. பேரைப் பார்த்திட்டு "இது பக்டரிக்குத்தானே" எண்டு சிரிக்காதீங்க, கட்டட வேலைக்கும் அது செல்லும். ஆள் செத்தாலோ, இல்லாட்டி மூண்டு நாளுக்கு மேல வேலை செய்ய ஏலாமப் போனாலோ தொழில் திணைக்களத்தின்ட பரிசோதனை எஞ்சினியருக்கு எழுத்தில அறிவிக்க வேணும். அறிவிச்சா கம்பெனியை மூடிருவாங்க எண்டு ஒரு பயம் இருக்கு உங்களுக்கு. நான் ஸ்டோர்க்காரன், நான் கண்டது இவ்வளவுதான்: மறைச்ச ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதே பலகையை அதே மாதிரி வச்சுத்தான் அடுத்த நாள் வேலை நடந்தது. பலகையைக் கட்டினா என்னத்துக்குக் கட்டின எண்டு கேள்வி வருமாம்!

சாரம் எண்ட சொல்லைப் பாருங்க, எங்கட ஊரில இடுப்பில உடுக்கிறதும் சாரம், கட்டடத்தில கட்டுறதும் சாரம். முதலாவது அவிண்டா மானம் போகும், ரெண்டாவது அவிண்டா உயிர் போகும், எங்கட ஆக்கள் முதலாவதைத்தான் இறுக்கிக் கட்டுவாங்க. பகிடிக்குச் சொல்லேல்ல. கடற்கரை சைட்டில சாரத்துப் பைப்பைப் பூட்டுற இரும்புக் கிளம்ப் எவ்வளவு கெதியா கறள் பிடிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும், உப்புக் காத்து, ஒரு மாரி போனா நட்டு திருப்ப ஏலாது. போன சைட்டில பாவிச்ச கிளம்பை அப்படியே சாக்கில கட்டி அடுத்த சைட்டுக்கு அனுப்புவீங்க, நான்தான் பாரம் எடுத்து வச்சன், கறள் உதிர்ந்து சாக்கின் அடியில சிவப்புத் தூளா இருக்கும். கயிறு வெய்யிலுக்கு நைஞ்சு போகும். பலகைக்கு ரெண்டு அந்தமும் கட்டு, இடுப்பளவுக்கு ஒரு கைபிடிப் பைப், காலடியில ஒரு குறுக்குப் பலகை, கடும் காத்தெண்டா வெளிப்பக்க வேலையை நிப்பாட்டி உள்பக்கம் பூசுறது. இதுக்கு எஞ்சினியரிங் படிக்கத் தேவையில்ல.

மண்ணில வெட்டுற கிடங்கும் அப்படித்தான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மண் எண்டு சொல்லுறம், அது மண் இல்ல மணல். கக்கூஸ் குழியோ அத்திவாரமோ நெஞ்சளவுக்கு வெட்டி ஆளை இறக்கினா பக்கம் நிக்காது, அதிலயும் கார்த்திகை மழைக்கு. ஒரு கியூப் மீற்றர் மண் ஒண்டரை டன் வரும். பலகை முட்டுக் குடுங்க, இல்லாட்டி வாயை அகலமாச் சரிவா வெட்டுங்க, வெட்டின மண்ணை விளிம்பிலேயே கும்பியாதீங்க. கரண்ட் விசயம் சொல்லப் போனா இண்டைக்கு முடியாது, பிளக் இல்லாம வயரைச் சுரண்டி நெருப்புக்குச்சி வச்சுச் செருகுற அந்த வேலையை மட்டும் நிப்பாட்டி, மிக்சருக்கும் கிறைண்டருக்கும் போற லைனில கரண்ட் கசிஞ்சாத் தானா நிக்கிற ஒரு ட்ரிப் சுவிச் போட்டாலே பெரிய புண்ணியம்.

உங்கட பக்கமும் தெரியாம எழுதேல்ல. அரசாங்க பில் மாசக்கணக்கா வராது, 2022ல சீமெந்து விலை ஏறின ஏத்தத்தில எத்தனை பேர் நகையை அடகு வச்சுக் கூலி குடுத்தீங்க எண்டு நான் கண்டனான். பெடியளும் லேசுப்பட்ட ஆக்கள் இல்ல, ஹெல்மட்டைக் குடுத்தா "வேர்க்குதண்ணே" எண்டு கழட்டி அதுக்குள்ள ஆணி போட்டு வைப்பாங்க. ஆனா டென்டர் போடேக்க முன்பக்கத்தில பிரிலிமினரிஸ் எண்டு ஒரு பகுதி வருமே, இன்சூரன்ஸ், பாதுகாப்பு எண்டு லைன் லைனா, அதுக்கும் விலை போட்டுத்தானே எடுக்கிறீங்க? வேலையைப் பிடிக்க வேணும் எண்டு அந்த லைனுக்கு மட்டும் ஒண்டும் இல்லாத விலை போடுறது, பிறகு காசு இல்ல எண்டு சொல்லுறது. மிச்சம் பிடிக்கிறதுக்கு வேற இடம் பாருங்க.

எஞ்சினியர் சேர்மாரே, உங்களுக்கு ஒண்டு. கேட்டில தொங்குற பாதுகாப்பு போர்ட் இங்கிலிசிலயும் சிங்களத்திலயும் இருந்தது, கீழ நிண்டு வேலை செய்ததில முக்கால்வாசி தமிழ் வாசிக்கிற ஆக்கள். கந்தளாய்ப் பக்கத்தால வாற சிங்களப் பெடியளுக்கு அது உதவினது, சந்தோசம். எங்கட பெடியளுக்கும் ஒரு போர்ட் அடிக்க எவ்வளவு போகும்? போர்ட்டை விடுங்க, புதுசா ஒருத்தன் வந்தா முதல் நாள் அவனைக் கூட்டிக்கொண்டு சைட்டை ஒருக்காச் சுத்தி இது இது, இதில ஏறாத, இதுக்குக் கீழ நிக்காத எண்டு அவன்ட பாசையில சொல்ல பத்து நிமிசம் காணும். அந்தப் பெடியன் மூண்டாம் நாளே விழுந்தவன். அந்த மூண்டு நாளும் அவனோட கதைச்சது நான் மட்டும்தான், அதுவும் "தம்பி தாச்சியைக் கழுவி வை" எண்டு.

அவன் இப்ப நடக்கிறான், இழுத்து இழுத்து. செலவு பார்க்கிறம் எண்டவங்க மூண்டு மாசம் பார்த்தாங்க. ஈபிஎப் எண்டுற சேமலாப நிதி இல்ல, ஈடிஎப் எண்டுற நம்பிக்கை நிதி இல்ல, நாட்கூலிக்கும் முதல் நாளில இருந்தே கட்ட வேணும் எண்டு சட்டம் இருக்கு, ஆனா ஆரின்ட பேரில கட்டுறது? நட்டஈடு கேட்டு எழுத நான் உதவி செய்தன், அவன் அங்க வேலை செய்தான் எண்டதுக்கு என்ன சாட்சி எண்டு கேட்டாங்க. சாட்சி என்ட கொப்பிதான், அதில 5 எண்டு இருக்கு. நான் வெட்டித் திருத்தினனான் எண்டு கைப்பட எழுதிக் குடுத்திருக்கன், என்ன நடக்குது பார்ப்பம்.

உங்கள்ல ஆருக்காவது பேர்க் கொப்பி எப்பிடி வைக்கிறது எண்டு தெரியாட்டி, ஆள் காணாது எண்டா, நான் வாறன். காலம ஏழு மணிக்கு சைட்டுக்கு வந்து ஒரு கிழமை இருந்து கோடு அடிச்சு எழுதிக் காட்டிட்டுப் போறன். காசு வேணாம், பத்து மணிக்கு ஒரு பிளேன்டீ தந்தாக் காணும். ஸ்டோர்த் திறப்பையும் ஒருக்காத் தாங்க, ஹெல்மட் எல்லாத்தையும் வெளிய எடுக்க வேணும்.

இப்படிக்கு,
உங்கட சைட்டுகள்ல 11 வருசம் ஸ்டோர் பார்த்தவன்
திருகோணமலை