சட்டை நிறத்தை மாற்றினால் ரசிகர் வருவாரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்து கால்பந்து கிளப்புகள் ஆசியாவில் ரசிகர்களைத் திரட்டுவது பற்றிய கட்டுரை படித்தேன். நட்சத்திர வீரர்கள், கோடைச் சுற்றுப்பயணங்கள் எல்லாம் சரி. அவர்கள் போடும் சட்டையையும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

மான்செஸ்டர் யுனைடெட் 2014-15 முதல் ஏழு சீசன்கள் செவ்ரோலெட் என்ற கார் பெயரை நெஞ்சில் சுமந்து ஆடியது. அந்தக் காரின் விற்பனையையோ ஐரோப்பாவில் 2015 இறுதிக்குள் பெரும்பாலும் நிறுத்திவிடுவதாக அதைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் 2013-லேயே அறிவித்திருந்தது! அப்படியானால் விளம்பரம் யாருக்கு? மைதானத்தில் இருப்பவரைவிட, ஷாங்காயில் டிவி முன் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். சனிக்கிழமை இங்கிலாந்தில் பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு வருவதும் டிவி செய்யும் உபயம்.

ஆனால் வேல்ஸில் இருந்தாலும் இங்கிலாந்து லீக்கில் ஆடும் கார்டிஃப் சிட்டியின் கதையைக் கட்டுரை விட்டுவிட்டதே! நூறாண்டுக்கு மேல் நீலம் அணிந்த கிளப் அது, பட்டப்பெயரே நீலப்பறவைகள். ஆசியாவில் எடுபடும் என்று மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் 2012-ல் சட்டையைச் சிவப்பாக்கினார். சின்னத்தில் டிராகன் பெரிதாக வந்து உட்கார்ந்தது, பறவை சிறுத்து அடியில் ஒதுங்கியது. 2013-ல் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்குக்கே உயர்ந்தும் உள்ளூர் ரசிகர்களின் கோபம் தணியவில்லை. கடைசியில் 2015 ஜனவரியில் நீலமே திரும்பியது.

வெளிநாட்டு ரசிகர் ஒரு கிளப்பைத் தேடிப் பிடிப்பதே அதன் ஊர்ப்பாசத்தையும் கேலரிப் பாட்டையும் பார்த்துத்தான். அதைக் கலைத்துவிட்டு எதை விற்பதாம்? கோவாவிலும் கொச்சியிலும் கிளப் நடத்துபவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

ஒரு வாசகர், வேலூர்