ஸ்கெட்ச் நோட்டையும் பாருங்கள்

ஆசிரியருக்கு, ஓவியப் பட்டப்படிப்பு சேர்க்கை பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். முடித்த ஓவியங்களையும் சில மணி நேரத் தேர்வையும் மட்டும் வைத்து இடம் கொடுப்பது போதாது. முடித்த படம் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைச் சொல்லும், சரி. ஆனால் கண் எப்படிப் பார்க்கிறது, தப்பு வந்தால் அந்த மாணவர் என்ன செய்கிறார் என்பதெல்லாம் தினமும் கிறுக்குகிற ஸ்கெட்ச் நோட்டில்தான் இருக்கிறது. தேர்வை மட்டும் நம்பினால் திறமைசாலியும் தவறிப்போகலாம்: பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சு சிற்பி ரோதானையே பாரிஸ் நுண்கலைக் கல்லூரி மூன்று முறை திருப்பி அனுப்பியது.

நானும் முதல் வருடம் போட்டோ பார்த்து வரைந்த பத்து ஆயில் பெயின்டிங்குகளோடு போய் இடம் கிடைக்காமல் திரும்பியவள். அடுத்த வருடம், ஓரம் மடங்கி, கரித்தூள் அப்பிய நோட்டையும் சேர்த்துக் காட்டினேன். அதில் அம்மாவின் வலது கை மட்டும் பதினேழு பக்கம், கட்டைவிரல் மூட்டு ஒன்றில்கூட சரியாக வரவில்லை. தேர்வாளர் அந்தப் பக்கங்களில்தான் நின்றார், ஏன் விடாமல் வரைந்தாய் என்று கேட்டார், அப்புறம் வெகுநேரம் பேசினோம், இடமும் கிடைத்தது. எனவே எல்லாப் பல்கலைக்கழகங்களும் விண்ணப்பத்தோடு ஒரு முழு நோட்டை, பக்கம் கிழிக்காமல், கேட்டு வாங்கி, அதை வைத்து ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடமாவது பேச வேண்டும்.