மெக்சிகோவில் கூடிய ஸ்பெயின் நாடாளுமன்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடுகடந்த அரசுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஸ்பெயின் குடியரசுக்கு ஒரே ஒரு வரிதான். வெளிநாட்டில் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்கிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, கட்டுரையாளர் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார். நடந்தது அவ்வளவு லேசான காரியமில்லை.

1931 அரசியல் சட்டப்படி ஸ்பெயினின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது மறைமுகத் தேர்தல். நம் நாட்டில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுகிறார்கள். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர்களோடு, இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அதே எண்ணிக்கையில் சேர்ந்து ஓட்டுப் போடவேண்டும். 1936 மே மாதம் மனுவேல் அசாஞ்ஞாவைத் தேர்ந்தெடுத்தபோது அத்தனை பேருக்கும் நாடாளுமன்றத்தில் இடம் போதவில்லை. மாட்ரிட் பூங்கா ஒன்றிலிருக்கும் கண்ணாடி மாளிகையில் வைத்துத்தான் தேர்தலை முடித்தார்கள்.

1939 பிப்ரவரியில், உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்துக் கிளம்பிய ராணுவத் தளபதி ஃப்ராங்கோவை பிரிட்டனும் பிரான்ஸும் அங்கீகரித்த கையோடு அசாஞ்ஞா ராஜினாமா செய்தார். உறுப்பினர்கள் ஆளுக்கொரு திக்காகச் சிதறினார்கள். சிலர் சிறையில், பலர் மெக்சிகோவிலும் பிரான்ஸிலும். ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கட்டலோனியாவின் தலைவர் கொம்பானிஸை ஜெர்மானியர் பிரான்ஸில் பிடித்து ஃப்ராங்கோ அரசிடம் ஒப்படைக்க, 1940 அக்டோபரில் பார்சிலோனாவில் சுட்டுக் கொன்றார்கள்.

இந்த நிலையில்தான் 1945 ஆகஸ்ட் 17 அன்று மெக்சிகோ நகர மன்றக் கூடத்தில் நாடாளுமன்றம் கூடியது. அந்நிய மண்ணில் ஒரு நாட்டின் நாடாளுமன்றம் கூடினால் செல்லுமா என்ற கேள்வி வரக்கூடாதென்று, மெக்சிகோ அரசு அந்தக் கூடத்தைத் தன் அதிகார எல்லைக்கு வெளியே வைத்துக் கொடுத்தது. 473 பேர் இருக்கவேண்டிய சபையில் நூறு பேர்கூட இல்லை. தலைவர் தேர்தலுக்கென்று மக்கள் அனுப்பவேண்டிய பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வழியும் இல்லை. ஃப்ராங்கோவின் ஸ்பெயினில் யார் போய் ஓட்டுப்பெட்டி வைப்பது?

முழுத் தலைவர் என்று அறிவித்துக்கொண்டிருந்தால் யார் தடுத்திருக்கப் போகிறார்கள்? அவர்கள் அதைச் செய்யவில்லை. தலைவர் பதவி காலியானால் சபாநாயகர் பொறுப்பேற்பார் என்ற சட்டப் பிரிவைப் பிடித்துக்கொண்டு, சபாநாயகர் மார்த்தினெஸ் பாரியோவை இடைக்காலத் தலைவராக்கினார்கள். (அந்த இடைக்காலம் 1962-இல் பாரிஸில் அவர் இறக்கும்வரை நீண்டது என்பது வேறு கதை.) உள்சண்டைக்கும் குறைவில்லை. பிரதமர் நெக்ரின் விலகி ஹிரால் வந்தார். மெக்சிகோ சில நாட்களிலேயே அங்கீகரித்தது. லண்டனும் வாஷிங்டனும் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஃப்ராங்கோ இறந்தபின், 1977 ஜூன் 15-இல் ஸ்பெயினில் பொதுத்தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சிகள் சிலவற்றுக்குச் சொந்தப் பெயரில் போட்டியிட அனுமதியே இல்லை. அதைச் சாக்காக வைத்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம். ஆனால் முடிவை ஏற்று, ஜூன் 21-ஆம் தேதியே பாரிஸில் தங்கள் நாடுகடந்த அரசைக் கலைத்துவிட்டார்கள்.

கட்டுரையாளர் அடுத்து போலந்துக்கு வருவார் என்று எதிர்பார்க்கிறேன். லண்டனிலிருந்த போலந்தின் நாடுகடந்த அரசில், போர்க்கால ஏற்பாட்டின்படி தலைவரே அடுத்தவரை நியமித்துவிடலாம். அப்படி வந்த சலெஸ்கி 1954-இல் ஏழாண்டுப் பதவிக்காலம் முடிந்தும் இறங்க மறுத்தார்; எதிர்த்தவர்கள் மூவர் குழு அமைத்தார்கள்; அவரோ 1972-இல் சாகும்வரை நாற்காலியை விடவில்லை. ஸ்பெயினுக்கு எழுதிய அந்த வரியை அங்கே போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்