மாத்திரைக்கு அடங்காத வலிப்பா, மாத்திரை கிடைக்காத வலிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்க்க மூளையில் புது இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு, "தம்பிக்கு இது ஆகுமான்னு பாரேன்" என்றார். யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் போய்க் கேட்பது? நானே தேடிப் படித்தேன். செய்தி தப்பில்லை, ஆனால் பாதிதான் வந்திருக்கிறது.

பக்கவாதம் மாதிரி ஏதோ ஒன்றால் மூளையில் காயம் பட்டு வலிப்பு வந்தவர்களை 2023இல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். காயம் ஆளுக்கு ஓர் இடத்தில் இருக்கிறது, ஆனால் அந்த இடங்களெல்லாம் மூளையின் ஆழத்தில் உள்ள சில முடிச்சுகளோடும் சிறுமூளையோடும் தொடர்புள்ளவை. பெகு ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள், மண்டலே போகிற வண்டியும் மோல்மீன் பக்கம் போகிற வண்டியும் யாங்கோனிலிருந்து அதைத் தாண்டித்தான் போகணும். அப்படி ஒரு சந்தியில் மின்தூண்டல் கொடுத்தால் வலிப்பு குறையுமா என்பதுதான் கேள்வி. தலாமஸ் என்கிற இடத்தில் இதை ஏற்கெனவே செய்கிறார்கள்: மூளைக்குள் மெல்லிய கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. 110 பேரிடம் செய்து பார்த்த முடிவு 2010இல் வந்தது, இரண்டு வருடத்தில் வலிப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2018இல்தான். அடியோடு நின்றவர்கள் கொஞ்சப் பேர். புதிதாகச் சொல்லும் இடங்களுக்கு இன்னும் அவ்வளவு சோதனைகூட நடக்கவில்லை.

சரி, விட்டுப்போன பாதிக்கு வருகிறேன். நோய்க்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால்தான் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. மூன்றில் ஒருவருக்கு அப்படி ஆகிறது. என் தம்பியும் அந்தக் கணக்கில்தான் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். வாரம் ஒரு தடவை வரும். அம்மா சாவிக்கொத்தோடு ஓடி வருவார், நான் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன். (சாவியால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், அம்மா கேட்பதாக இல்லை.) அப்புறம் ஒரு டாக்டர் காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் தீரவேண்டியது நாலு மாதம் வந்திருக்கிறது. கடையில் சரக்கு இல்லாதபோதெல்லாம் அம்மா மாத்திரையைக் கத்தியால் பாதியாக நறுக்கிக் கொடுத்திருக்கிறார், எங்களிடம் சொல்லாமல். இப்போது கையில் ஒரு மாதச் சரக்கு குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். மூன்று மாதமாக ஒரே ஒரு தடவைதான் வந்தது.

அடுத்த தடவை இப்படிச் செய்தி போடும்போது மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ குறைத்தாலோ வலிப்பு மோசமாகும் என்று அதே பத்தியில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில், அம்மா கண்ணாடியை அடிக்கடி தொலைத்துவிடுகிறார்.

ஒரு வாசகர்,
யாங்கோன்