மேக்னாவைக் கடந்த படகுகள்

ஆசிரியருக்கு,

1971 போர் என்றாலே டாக்கா சரணடைவுப் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறோம். 1920-இல் உருவான இந்திய ராணுவத்தின் கிழக்குப் பிராந்தியக் கட்டளையகம் அந்தப் போரில் ஆறுகளோடும் மல்லுக்கட்டியது. இன்றைய வங்கதேசத்தில், மேக்னா ஆற்றின் மேலிருந்த ஆசுகஞ்ச் ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்தது. உடனே டிசம்பர் 9-இல் இந்தியத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங், எம்ஐ-4 ஹெலிகாப்டர்களில் காலாட்படையை மேக்னாவின் அக்கரையில் இறக்கத் தொடங்கினார். துணிச்சலான முடிவுதான், ஆனால் கனரக ஆயுதங்கள் இக்கரையிலேயே நின்றுவிட்டன. பிடி-76 டாங்குகள் நீந்தும்தான். ஆனால் அரைமணி நேரத்திலேயே எஞ்சின் சூடேறிவிடும். ஆற்றைக் கடக்க அது போதாது. மிச்சத் தூரம் நாட்டுப்படகுகளில் கயிறு கட்டி இழுத்தார்கள். வெற்றி நாள் சிறப்பிதழில் அந்த வங்காளப் படகோட்டிகளைப் பற்றியும் எழுதுங்கள்.

- வாசகர், திருச்சி